'தி கேட்டலிஸ்ட்'டை முதல் சிங்கிளாக விட்டது சரியா?

பாகாயம்_பேஸ்:
அமெரிக்க ராக் பேண்டான லிங்கின் பார்க்கின் 'தி கேட்டலிஸ்ட்' பாட்டால் நேற்று எங்கள் ரிகர்சலில் பெரிய சண்டை. கல்ச்சுரல்ஸில் அதை வாசிக்கலாம் என்றேன், டிரம்மர் ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டான், 'அது லிங்கின் பார்க் பாட்டே இல்லை' என்கிறான். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், 2010 ஆகஸ்ட் 2-இல் வந்த சிங்கிள் (ஆல்பத்திலிருந்து தனியாக விடுகிற பாட்டு) அது, அடுத்த மாதம் வந்த 'எ தவுசண்ட் சன்ஸ்' ஆல்பத்துக்கு முன்னோட்டம். கிடார் ரிஃப்புக்குக் காத்திருந்தவர்களுக்கு ஆர்கன் மாதிரி இழுக்கும் சிந்தசைசர், எலெக்ட்ரானிக் தாளம், கூட்டமாகக் கோஷம் போடுகிற குரல்கள், அப்புறம் நடுவில் எல்லாம் அடங்கி பியானோவோடு வேறு பாட்டாகவே மாறிவிடும். என் கட்சி இதுதான்: அந்த பேண்ட் செய்ததிலேயே துணிச்சலான காரியம் இது. மறுப்பவர்கள் வரலாம்.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
துணிச்சல் இருக்கட்டும் தம்பி, பாட்டு எங்கே? அவர்களுடைய பழைய பாட்டு 'இன் தி எண்ட்' அமெரிக்காவின் பாட்டுத் தரவரிசையான பில்போர்ட் ஹாட் 100-இல் 2-ஆம் இடம் வரை போனது. 2009-இல் 'நியூ டிவைட்' 6. அடுத்த வருடமே இது 27. கேட்கிற ஜனம் அதே ஜனம்தானே, ஒரே வருடத்தில் எல்லோருக்கும் காது கெட்டுப்போயிற்றா? மேடைக்கு சவுண்ட் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், பிராட் டெல்சன் மாதிரி ஒரு கிடார்க்காரரை வைத்துக்கொண்டு அவரைத் தேடித் தேடிக் கேட்க வைத்தால் அதற்குப் பெயர் பரிசோதனை இல்லை, வீண்.

கிரீன்சர்க்கிள்_கிட்டு:
அண்ணா, 'நியூ டிவைட்' டிரான்ஸ்ஃபார்மர்ஸ் படத்தோடு வந்தது, படம் தூக்கிவிட்டது. அதை இதோடு ஒப்பிடுவது நியாயமா? இதுவும் ராக், ஆல்டர்நேட்டிவ் பட்டியல்களில் வந்த வாரமே 1-ஆம் இடம். ஆல்பமும் அமெரிக்காவில் முதலிடத்தில்தான் நுழைந்தது.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
இதற்கு மட்டும் தூக்கிவிட ஆள் இல்லையா? மெடல் ஆஃப் ஹானர் கேம் டிரெய்லரில் இந்தப் பாட்டுதான் ஓடியது. முதல் வாரம் பேருக்காக வாங்குவார்கள். பத்து வருடம் கழித்து யார் மொபைலில் இருக்கிறது என்று பார். எங்கள் காலத்தில் காட்பாடி பக்கம் எந்த ஹாஸ்டலுக்குள் நுழைந்தாலும் இவர்களுடைய பழைய பாட்டு 'நம்ப்' கேட்கும், சிவில்காரன், மெக்கானிக்கல்காரன் வித்தியாசம் கிடையாது. 'கேட்டலிஸ்ட்' வந்தபோது அதே பசங்கள் பென் டிரைவில் வாங்கிப் போனார்கள், திரும்பக் கேட்டு யாரும் வரவில்லை.

ஆற்காட்டான்:
இரண்டு பேருமே பாட்டைப் பற்றிப் பேசுகிறீர்கள், கோளாறு பாட்டில் இல்லை, வெளியிட்ட விதத்தில். ஆல்பத்தில் மொத்தம் 15, அதில் இது 14-ஆவது. அதற்கு முன்னால் அணுகுண்டு செய்த ஓப்பன்ஹைமரின் குரல் வருகிறது, மார்ட்டின் லூதர் கிங்கின் பேச்சு வருகிறது, அழிவு பயம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி இந்த இடத்தில்தான் உடைகிறது. ஆல்பத்தின் பெயரும் ஓப்பன்ஹைமர் வழியாக கீதையின் விசுவரூபக் காட்சியிலிருந்து போனதுதான், வானத்தில் ஒரே நேரத்தில் ஆயிரம் சூரியன் உதித்தால் எப்படி இருக்கும் என்கிற இடம். (வேலூர்க்காரனுக்கு அது மே மாதம், தனியாக விளக்க வேண்டியதில்லை.) ஆல்பத்துக்குப் பெயரான அந்தச் சொற்கள் இந்தப் பாட்டிலும் வருகின்றன. இப்படி இருக்கிற ஒன்றைப் பிய்த்து எடுத்து, ஆல்பம் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னாடியே தனியாக விட்டால் என்ன புரியும்? நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்தில் சூதாட்டமும் இல்லை, தூதும் இல்லை, முதல் நாளே துரியோதனன் படுகளம் போட்ட மாதிரி.

பாகாயம்_பேஸ்:
ஆற்காட்டாரே, உவமை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குச் சாதகமாகப் போகிறதே. பத்து நாள் கூத்துக்கு வராதவன்கூட படுகளத்தன்று மண்ணில் செய்த துரியோதனனைப் பார்க்க வந்து நிற்கிறான். கதை முழுக்கத் தெரிந்தா வருகிறான்? முதலில் அதிர்ச்சி, அப்புறம் கதை. ஆல்பத்திலிருந்து சுலபமான ஒன்றை முதலில் விட்டிருந்தால் பழைய மாதிரிதான் வரப்போகிறது என்று நம்பி வாங்கியவன் ஏமாந்திருப்பான். இவர்கள் இருப்பதிலேயே கடினமானதை முன்னால் வைத்தார்கள், அது நேர்மை. இன்னொன்று, பாட்டு வெளிவருவதற்கு முன்பே அதன் ஸ்டெம்களை (ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனியாக இருக்கும் பதிவுகள்) மைஸ்பேஸ் இணையதளத்தில் கொடுத்து, நீங்களும் ஏதாவது சேர்த்து அனுப்புங்கள் என்று ரசிகர்களுக்குப் போட்டி வைத்தார்கள். முழுப் பாட்டைக் கேட்காமலே அதன் துண்டுகளை வைத்து வேலை செய்யச் சொல்கிற பெரிய பேண்ட் வேறு எத்தனை?

சத்துவாச்சாரி_சவுண்ட்:
துண்டு துண்டாகக் கொடுக்க முடிந்தது, ஏனென்றால் அது துண்டுகளை ஒட்டியதுதான். 5 நிமிடம் 39 விநாடி, எந்த ரேடியோ முழுசாகப் போடும்? பேண்டின் மைக் ஷினோடாவும் தயாரிப்பாளர் ரிக் ரூபினும் சேர்ந்து தயாரித்தார்கள், ஆளுக்கொரு பாட்டு செய்து நடுவில் வெல்டிங் வைத்தார்களோ என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

கிரீன்சர்க்கிள்_கிட்டு:
அப்படியென்றால் 2012-இல் 'பர்ன் இட் டவுன்' விட்டார்களே அண்ணா? அளவான நீளம், சுலபமான கோரஸ், எல்லாம் நீங்கள் கேட்ட மாதிரி. ஹாட் 100-இல் 30. கடினமான பாட்டு 27, சுலபமான பாட்டு 30. சரிவுக்குக் காரணம் பரிசோதனைதான் என்றால் இந்தக் கணக்கு எங்கே உதைக்கிறது?

சத்துவாச்சாரி_சவுண்ட்:
ஒரு தடவை ஓடவிட்ட ஆளைத் திரும்பக் கூப்பிட்டால் உடனே வருவானா? கணக்கு அங்கே உதைக்கிறது.

ஆற்காட்டான்:
இது பட்டியல் சண்டையாகப் போய்விட்டது. அந்த இரண்டாவது பாதியைப் பற்றி யாராவது பேசுங்களேன். பாடகர் செஸ்டரின் குரல் தூக்கிவிடச் சொல்லிக் கெஞ்சுகிற இடம், 2017 ஜூலையில் அவர் இறந்த பிறகு என்னால் அதைச் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை. சிங்கிளாகத் தோற்றதா ஜெயித்ததா என்பது அந்த ஒன்றரை நிமிடத்தைத் தொடவில்லை.

பாகாயம்_பேஸ்:
அதற்காகத்தான் ஐயா வாசிக்கிறேன் என்கிறேன்.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
அந்த இடத்தை நானும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வாசிக்கிறேன் என்றால் எதை வைத்து? லேப்டாப், ஆடியோ இன்டர்ஃபேஸ், டிரம்மர் காதுக்கு தாளம் சொல்லும் கிளிக் ஒலி, ஒன்று தவறினாலும் மேடையில் நான்கு பேரும் நான்கு பக்கம் போவீர்கள். 2012 மின்வெட்டுக் காலத்தில் ஒரு பேண்டுக்கு நான்தான் சவுண்ட், ஜெனரேட்டருக்கு மாறிய நொடியில் கீபோர்டு அணைந்து எரிந்து, சிந்த் வர வேண்டிய இடத்தில் சாதா பியானோ வந்தது. கூட்டம் சிரித்தது. யுபிஎஸ் இல்லாமல் இந்தப் பாட்டைத் தொடாதே.

பாகாயம்_பேஸ்:
யுபிஎஸ்ஸுக்கு எவ்வளவு வாடகை? நீங்களே சவுண்டுக்கு வந்தால் கடைசியில் 'நம்ப்' வாசிக்கிறோம்.

சத்துவாச்சாரி_சவுண்ட்:
'நம்ப்' முதலில். வாடகை தனி மெசேஜில் சொல்கிறேன்.