ட்ரவுட், ஓட்டானி, ஜட்ஜ்: யாருக்கு ஹால் ஆஃப் ஃபேம்?

காட்பாடி ரசிகன்:
வேலூர் பக்கம் பேஸ்பால் பார்க்கிறவங்க சொல்லுங்க, இப்ப அமெரிக்க மேஜர் லீக்ல ஆடுறவங்கள்ல யாரை ஜாம்பவான்னு சொல்லலாம், யாருக்கு ஹால் ஆஃப் ஃபேம்ல (ஜாம்பவான்களுக்கான கௌரவப் பட்டியல்) இடம் கிடைக்கும்?

ஆற்காட்டான்:
மைக் ட்ரவுட்தான் தம்பி. 2014, 2016, 2019னு மூணு எம்விபி (லீக்கோட சிறந்த வீரர் விருது). 2021லேருந்து காயத்தால நிறைய ஆட்டம் போச்சு, மொத்தக் கணக்கு அடிவாங்கும். ஆனா உச்சத்துல அவர் ஆடின ஆட்டமே போதும்.

குடியாத்தம் பேட்டர்:
ஷோஹே ஓட்டானியை விட்டுட்டீங்களேண்ணே! 2024ல 54 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி), 59 ஸ்டோலன் பேஸ் (பந்து அடிபடாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிக்கிறது). ஒரே சீசன்ல 50-50ஐ அதுவரைக்கும் யாரும் தொட்டதில்ல. அதுவும், பேட்டிங்கோட பந்தும் வீசுற அவர், முழங்கை ஆபரேஷனால பந்தே வீசாத வருஷம்! ஹால் ஆஃப் ஃபேமுக்கு விதிப்படி 10 சீசன் ஆடணும். 2018ல வந்தவர், 2027ல ஆடினாத்தான் கணக்கு நேராகும். ஓய்வுக்கப்புறம் 5 வருஷம் கழிச்சு பேஸ்பால் பத்திரிகையாளர்கள் ஓட்டுல 75% வேணும்.

ராணிப்பேட்டை:
ஆரோன் ஜட்ஜும் உண்டு. 2022ல 62 ஹோம் ரன், அமெரிக்கன் லீக் (மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணு) சாதனை. 24 வயசுலதான் வந்தார், அதனால மொத்த ஹோம் ரன்னை வச்சு அளக்காதீங்க, ஓபிஎஸ் (பேஸை அடையுற விகிதத்தையும் அடிக்கிற பலத்தையும் கூட்டின அளவு) பாருங்க.