குறை ஆக்சிஜன் அடுக்கு: ஒரே நீர், மூன்று ஆய்வகம், மூன்று விடை. எங்கே திருத்துவது?

நெய்தல்_வேதி

ஆக்சிஜன் மிகக் குறைந்த கடலடுக்கு ஒன்றில் மூன்று ஆய்வகங்கள் சேர்ந்து வேலை செய்கிறோம். 300 மீட்டரில் எடுத்த நீருக்கு விங்க்லர் டைட்ரேஷன் (ஆக்சிஜனை அயோடினாக மாற்றி அளக்கும் வேதிமுறை) 2.4 மைக்ரோமோலார் ஆக்சிஜன் காட்டுகிறது. உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சிடிடி கருவியில் உள்ள ஆக்சிஜன் சென்சார் 1.6 காட்டுகிறது. நானோமோலார் அளவையும் காணும் ஸ்டாக்ஸ் மின்முனை சென்சாரோ எதுவுமே இல்லை என்கிறது. அதே ஆழத்தில் நைட்ரைட் 4 மைக்ரோமோலார்.

உயிரியல் பக்கமும் இதே கதை. ஓர் ஆய்வகத்துக்கு அனமாக்ஸ்தான் (ஆக்சிஜன் இன்றி அம்மோனியமும் நைட்ரைட்டும் சேர்ந்து நைட்ரஜன் வாயுவாகும் வினை) முதன்மை. இன்னொன்றின் ஆர்என்ஏ தரவில் நைட்ரைட்டை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாக இருக்கின்றன. அடுத்த பயணத்துக்கு முன் பொதுச் செயல்முறை ஒன்று எழுத வேண்டும். எங்கே தொடங்கலாம்?

ஆழ்நீர்

ஸ்டாக்ஸ் சொல்வதை நம்புங்கள். மேல்நீரில் வரும் முதல் நைட்ரைட் உச்சத்துக்குக் கீழே, நைட்ரைட் 0.5 மைக்ரோமோலாருக்கு மேல் தேங்கிய இரண்டாம் உச்சம் இருந்தால், அங்கே ஆக்சிஜன் பெரும்பாலும் சில பத்து நானோமோலாருக்கும் கீழேதான். உங்களிடம் 4 இருக்கிறது.

அந்த 2.4 எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போடலாம். முதலில் வினைப்பொருள். விங்க்லரில் சேர்க்கும் மாங்கனீசு, கார அயோடைடு கரைசல்கள் இரண்டும் சேர்ந்த சுமார் 2 மில்லியிலேயே ஏறக்குறைய 0.076 மைக்ரோமோல் ஆக்சிஜன் கரைந்திருக்கிறது. 125 மில்லி பாட்டிலில் அது 0.6 மைக்ரோமோலார். இதைக் கழிக்காத கணக்குத் தாள்கள் இன்னும் புழக்கத்தில் உண்டு. அடுத்து நைட்ரைட். அமிலம் சேர்த்ததும் அது அயோடைடைத் தாக்கி அயோடினை விடுவிக்கும்: இரண்டு நைட்ரைட்டுக்கு ஓர் அயோடின் மூலக்கூறு. ஓர் ஆக்சிஜன் மூலக்கூறுக்கு இரண்டு அயோடின் என்பதால், 4 மைக்ரோமோலார் நைட்ரைட் என்பது 1 மைக்ரோமோலார் ஆக்சிஜன் போலத் தெரியும். பிறக்கும் நைட்ரிக் ஆக்சைடு காற்றுபட்டு மறுபடி அயோடைடைத் தாக்குவதால் முடிவுப்புள்ளியில் மறைந்த நிறம் திரும்பத் திரும்ப வரும். இதுவரை 1.6. மீதி 0.8, ஆழத்து நீரை எடுத்துவரும் நிஸ்கின் பாட்டிலின் பிளாஸ்டிக் சுவர் கசியவிட்ட ஆக்சிஜனும் காற்றும் என்றால் வியப்பே இல்லை, 0.5 முதல் 1 வரை அப்படி ஏறுவது வழக்கம்.

நைட்ரைட்டை அடக்க, கார அயோடைடு கரைசலிலேயே சோடியம் அசைடு சேர்க்கலாம். ஆனால் அசைடு அமிலம் பட்டால் நச்சு வாயு. செம்பு, ஈயக் குழாய்களில் படிந்தால் வெடிக்கும். கழிவைத் தனிக் கலனில், காரமாகவே வைத்துக் கரைக்குக் கொண்டு வாருங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு இருக்கும் ஆழங்களில் விங்க்லர் வேண்டவே வேண்டாம். சல்ஃபைடு அயோடினைத் தின்றுவிடும்.

இன்னொன்று. சிடிடி சென்சாரை மிகக் குறைந்த ஆக்சிஜனில் எடுத்த விங்க்லர் அளவுகளோடு பொருத்தித் திருத்தாதீர்கள். திருத்தக் கோட்டின் சரிவை, ஆக்சிஜன் 100 மைக்ரோமோலாருக்கு மேலுள்ள நீரில் எடுங்கள். பூச்சியத்தை ஸ்டாக்ஸ் சுழி காட்டும் ஆழத்தில் எடுங்கள். ஸ்டாக்ஸ் முன்மின்முனையை இயக்கி நிறுத்தித் தன் பூச்சியத்தை அங்கேயே எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பல நிமிடம் பிடிக்கும். அதுவரை நிஸ்கின்களைத் தாங்கும் ரோசெட் சட்டத்தை ஓர் ஆழத்தில் நிறுத்தியே வைக்க வேண்டும்.

கலம்15

ஆழ்நீர் சொன்ன கசிவுதான் உங்கள் உயிரியல் முரண்பாட்டையும் விளக்கக்கூடும். குறை ஆக்சிஜன் அடுக்கில் நைட்ரைட் ஆக்சிஜனேற்றத்தின் பாதிவேக அளவு, அதாவது அந்த வினை உச்ச வேகத்தில் பாதியை எட்டத் தேவையான ஆக்சிஜன், சில நூறு நானோமோலார்தான். பாட்டிலில் 500 நானோமோலார் ஏறினாலே, கடலில் நடக்காத வினை உங்கள் கலத்தில் நடக்கும்.

நிஸ்கின் காற்றுத் துளையில் ஹீலியம் அல்லது ஆர்கன் குழாயை மாட்டிவிட்டு நீரை இறக்குங்கள். கண்ணாடிக் கலத்தை அடியிலிருந்து நிரப்பி, இரண்டு மூன்று மடங்கு நிரம்பி வழிய விடுங்கள். பிறகு 15 முதல் 30 நிமிடம் ஹீலியம் ஊதுங்கள். வெறும் ஹீலியம் கார்பன் டை ஆக்சைடையும் ஊதித் தள்ளிவிடும், pH ஏறும்; ஆகவே அந்த ஆழத்து அளவுக்கு ஏற்றபடி சிறிது கார்பன் டை ஆக்சைடு கலந்த ஹீலியம் தேவை. ஊதும்போது சல்ஃபைடும் நைட்ரஸ் ஆக்சைடும் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

எக்ஸிடெய்னர் எனும் சிறு கண்ணாடிக் குப்பியின் ரப்பர் மூடிதான் பலரும் கவனிக்காத இடம். ரப்பருக்குள் கரைந்திருக்கும் ஆக்சிஜன் நாள்கணக்கில் நீருக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். மூடிகளைச் சில வாரம் முன்பே ஹீலியத்தில் அடைத்து வையுங்கள்.

எந்த வினை நடக்கிறது என்று பார்க்க, கனமான நைட்ரஜன்-15 கொண்ட அம்மோனியத்துடன் சாதா (நைட்ரஜன்-14) நைட்ரைட், தலா 5 மைக்ரோமோலார்: அனமாக்ஸ் இருந்தால் இரண்டிலிருந்தும் ஒவ்வொன்று சேர்ந்து நிறை 29 நைட்ரஜன் வரும். மறுகலத்தில் நைட்ரஜன்-15 நைட்ரைட்: டிநைட்ரிஃபிகேஷன் (நைட்ரைட் மட்டுமே நைட்ரஜன் வாயுவாகும் வினை) நிறை 30 தரும். நைட்ரைட் அம்மோனியமாக மாறும் வினையும் நடந்தால் அனமாக்ஸே நிறை 30 தரத் தொடங்கும். எனவே அம்மோனியத்திலும் நைட்ரஜன்-15 அளக்காமல் டிநைட்ரிஃபிகேஷன் என்று எழுதக் கூடாது. 0, 6, 12, 24 மணி நேரத்தில் அளவெடுங்கள். கோடு நேராக இருக்கும் பகுதியிலிருந்து மட்டும் வேகம் எடுங்கள்.

நெய்தல்_வேதி

மிக்க நன்றி. அசைடு இல்லாத விங்க்லர்தான் எங்களுடையது, வினைப்பொருளில் கரைந்த ஆக்சிஜனைக் கழிக்கவும் இல்லை. ஆர்என்ஏ வடிகட்டுவதில் எதை ஒரேமாதிரி ஆக்க வேண்டும்?

நுண்திரள்

நேரமும் கொள்ளளவும்தான். தூது ஆர்என்ஏ நிமிடக்கணக்கில் மாறும். நிஸ்கின் மேலே வந்து, வாயுக்களுக்கெல்லாம் நீர் எடுத்து முடித்து, கடைசியில் வடிகட்டினால் நீங்கள் படிப்பது பாட்டிலின் உயிரியலை. ஆர்என்ஏவுக்கென்றே தனி நிஸ்கின் ஒதுக்குங்கள். முடிந்தால் ஆழத்திலேயே பம்ப் வைத்து வடிகட்டி, அங்கேயே நிலைப்படுத்துங்கள்.

2.7 மைக்ரான் முன்வடிகட்டி, பிறகு 0.22 மைக்ரான் ஸ்டெரிவெக்ஸ் (மூடிய உறை வடிகட்டி) என்றால் மூவரும் அதையே செய்யுங்கள், இரண்டையும் பாதுகாத்து வையுங்கள். துகளில் ஒட்டியவை முன்வடிகட்டியில் நின்றுவிடும். கொள்ளளவு ஏற ஏறத் துளை அடைபட்டு, சிறிய செல்களும் அங்கேயே மாட்டும். ஒருவர் 1 லிட்டர், மற்றவர் 10 லிட்டர் என்றால் ஒப்பிட ஒன்றுமில்லை.

ஸ்கார் (SCOR) எனும் பன்னாட்டுக் கடலாய்வு அமைப்பின் 144-ஆம் பணிக்குழு இதே சிக்கலுக்காகத்தான் 2014-இல் கனடாவின் சானிச் இன்லெட்டில் பல குழுக்களைக் கூட்டி, ஒரே நீரை வெவ்வேறு முறைகளில் எடுத்துப் பார்த்தது. பருவந்தோறும் ஆக்சிஜன் அற்றுப்போகும் குடா அது, கரையோரமே. முறைகளை ஒப்பிட வசதியான இடம்.

ஆழ்நீர்

ஒப்பந்தத்தில் அலகையும் எழுதிவிடுங்கள். ஒருவர் லிட்டருக்கு, இன்னொருவர் கிலோவுக்கு என்று தந்தால் 2.5 சதவீத வேறுபாடு அங்கேயே பிறக்கும். பழைய தரவு லிட்டருக்கு மில்லிலிட்டரில் இருந்தால், மைக்ரோமோலாராக்க 44.66-ஆல் பெருக்குங்கள். அளவீட்டு எல்லைக்குக் கீழ் உள்ளதை 0 என்று பதியாமல், எல்லையைக் குறிப்பிட்டுத் தனிக் குறி இடுங்கள். நைட்ரைட் போன்ற ஊட்டச்சத்துகளுக்கு மூவரும் ஒரே தொகுதிச் சான்றுப் பொருளை (அளவு முன்பே உறுதியான மாதிரியை) அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிலையத்திலும் ஒரு நிஸ்கினையாவது மூவரும் பகிர்ந்து, யாருடையது என்று தெரியாத எண்ணிட்டு அளக்க வேண்டும். வெற்று வடிகட்டி ஒன்றையும் அதே வரிசையில் அனுப்புங்கள்.