ஹார்லிகுயின் ரஸ்போரா: ஊதா மினுக்கம் பிறவியிலா, நீரிலா?

வணக்கம். சிங்கப்பூர் ஈசூன் வீட்டில் 60 செ.மீ. மீன்தொட்டி, 54 லிட்டர். அதில் ஹார்லிகுயின் ரஸ்போரா என்ற சிறு வளர்ப்பு மீன் இரண்டு கூட்டம். ஒன்று பண்ணை மீன். மற்றது மலேசியாவின் ஜொகூரில் கருநீர் (இலைச்சாறு ஊறிக் கறுத்த நீர்) ஓடையில் பிடித்தது என்று சொல்லி விற்கப்பட்டது. மூன்று மாதமாக ஒரே நீர், ஒரே தீனி. ஆனாலும் நிறம் ஒன்றாகவில்லை: பண்ணை மீன் நல்ல ஆரஞ்சு, ஜொகூர் மீனின் முதுகில் ஊதா மினுக்கம், ஆரஞ்சு மங்கல்.

எஸ்பெய் என்ற நெருங்கிய உறவு இனம் கலந்ததா என்று பார்த்தாயிற்று. இல்லை. அதன் கறுப்புத் திட்டு ஒல்லியாக இருக்கும். இவை எல்லாவற்றுக்கும் அகன்ற முக்கோணம். ஆண், பெண் இரண்டிலும் இதே வேறுபாடு.

ஆர்.ஓ. நீர், பிஎச் 5.8, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) 0, 27 டிகிரி. அம்மோனியா, நைட்ரைட் இல்லை. நாட்டு வாதாம் இலை, கறுப்பு மணல், மிதக்கும் செடி சேர்த்ததில் முக்கோணம் இரு கூட்டத்திலும் அடர்ந்தது. கறுப்பு நிறமி சூழலுக்கேற்ப விரியும், சுருங்கும், அதில் வியப்பில்லை. ஆரஞ்சு தரும் கரோட்டினாய்டு நிறமியை மீன் தானாக உருவாக்காது, தீனியில்தான் வரவேண்டும். அதனால் ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சும் அஸ்டாஸாந்தின் என்ற அந்த வகை நிறமி கலந்த குருணையும் கொடுத்தேன். இரு கூட்டத்திலும் ஆரஞ்சு கூடியது, இடைவெளி மட்டும் குறையவில்லை.

(இங்குள்ள இயற்கை வனப்பகுதி ஓடையில் பிடித்து ஒப்பிடலாமே என்று சொல்லவேண்டாம், அது சட்டவிரோதம், அந்த மீன்கள் அங்கேயே இருக்கட்டும்.)

கலந்து இனப்பெருக்கம் ஆவதற்குள் பிரிக்கவேண்டுமா என்று முடிவெடுக்கவேண்டும். ஜொகூர் மீனைத் தனியாக முட்டையிட வைத்தவர்கள் சொல்லுங்கள்: தொட்டியிலேயே பிறந்த குஞ்சுகளுக்கும் அந்த ஊதா மினுக்கம் வந்ததா?