சட்டத்தை மீறி எடுத்த சாட்சியம் கோர்ட்டில் செல்லுமா?

கருப்புக்கோட்டு: "போலீஸ் சட்டத்தை மீறிப் பிடிச்ச எதுவும் நம்ம கோர்ட்ல செல்லாது"ன்னு நேத்து ஒருத்தர் அடிச்சு விட்டிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்தது. அதெல்லாம் அமெரிக்காவுல, 1961 மேப் வழக்குத் தீர்ப்பு. இங்கே பூரண்மல் வழக்குலயே சுப்ரீம் கோர்ட் முடிச்சு வச்சாச்சு: சோதனை முறைகேடா நடந்திருந்தாலும், வழக்குக்குச் சம்பந்தம் இருந்தா சாட்சியம் செல்லும்.

வைகைக்கரை: அந்த ஒருத்தர் நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். கஞ்சா கேஸ் பார்த்ததில்லையா? போதைப்பொருள் சட்டம் 50-ஆம் பிரிவு. "மாஜிஸ்ட்ரேட் இல்லன்னா கெஜட்டெட் ஆபீசர் முன்னாடி சோதனை கேட்க உனக்கு உரிமை உண்டு"ன்னு சொல்லாம உடம்பைத் தடவி எடுத்தா, அதை வச்சுத் தண்டிக்க முடியாது. 1999, பல்தேவ் சிங். அஞ்சு நீதிபதிங்க.

கருப்புக்கோட்டு: உடம்பு! நீங்களே சொல்லிட்டீங்க. பையில இருந்தா? 2005 பவன் குமார் தீர்ப்பு: பை உடம்பு ஆகாது, அதைச் சோதிக்க 50-ஆம் பிரிவு பொருந்தாது.

வைகைக்கரை: தோள்ல மாட்டின பையுமா?

கருப்புக்கோட்டு: தோள்ல மாட்டினாலும் பை பைதான்.

வைகைக்கரை: வேட்டி மடியில கட்டியிருந்தா?

கருப்புக்கோட்டு: மடி வேற, பை வேற. பேச்சை மாத்தாதீங்க. பை உடம்பு ஆகாது.

சும்மாவந்தவன்: 2010 செல்வி வழக்கை யாருமே சொல்லலையே? சம்மதமில்லாம நார்கோ, அதான் மருந்து குடுத்துப் பேச வைக்கிற சோதனை, பண்ணக்கூடாதுன்னு...

கருப்புக்கோட்டு: தம்பி, இங்கே பையைப் பத்திப் பேசிட்டிருக்கோம்.

வைகைக்கரை: உரிமையைச் சொன்னாங்களாங்கிற லட்சணம் தெரியாதா? "மாஜிஸ்ட்ரேட் வேண்டாம், நீங்களே சோதிக்கலாம்"னு முன்கூட்டியே டைப் அடிச்ச கடுதாசி. கீழே ஒரு கைநாட்டு. எழுதப் படிக்கத் தெரியாதவன் அவ்வளவு அழகா இலக்கணத் தமிழ் பேசுவானா?

கருப்புக்கோட்டு: அது வேற பிரச்சினை. 2023-லயும் சுப்ரீம் கோர்ட் அதையேதான் சொல்லுச்சு, ரஞ்சன் குமார் சத்தா வழக்கு. பை.

தேங்காய்ச்சில்லு: ஹெல்மெட் அபராதத் திரியிலயும் இவர் இப்படித்தான். ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு நாப்பது பதிவு.

கருப்புக்கோட்டு: அந்தத் திரியில தோத்துட்டு ஓடினது யாருன்னு ஊருக்கே தெரியும்.

தேங்காய்ச்சில்லு: ஓடலைங்க, தூங்கப் போனேன். எனக்குக் காலைல வேலை இருக்கு, சிலரை மாதிரி இல்ல.

வைகைக்கரை: பூரண்மல் வருமான வரி ரெய்டு கேஸ். கஞ்சா கேஸ்ல அதைத் தூக்கிட்டு வராதீங்கன்னு பல்தேவ் சிங்லயே இருக்கு. படிச்சீங்களா, தலைப்பு மட்டும்தானா?

கருப்புக்கோட்டு: உங்க பாட்டன் காலத்துலயே படிச்சாச்சு. கேட்டதுக்குப் பதில்: பை உடம்பா, இல்லையா?

வைகைக்கரை: பாட்டனை ஏன் இழுக்கறீங்க?