மலிவு பிரீபெய்டு சிம்: மூன்றில் எதை எடுப்பது?

மூன்றாம்மாடி:

வீட்டில் மூன்று எண்கள் இருக்கின்றன. மூன்றையும் மலிவான பிரீபெய்டுக்கு மாற்ற வேண்டும். பார்த்து வைத்திருப்பவை இவை.

'அ' கம்பெனிக்குச் சொந்த டவர் கிடையாது, இன்னொருவர் நெட்வொர்க்கில் ஓடுகிறது. விலை மிகக் குறைவு, ஆனால் ஒரு வருடப் பணத்தை முன்னாலேயே கட்டினால்தான் அந்த விலை. 'ஆ' ஒரு பெரிய கம்பெனியே வேறு பெயரில் நடத்தும் மலிவு பிராண்டு, 30 நாள் ரீசார்ஜ். 'இ' 28 நாள் பிளான். 'அன்லிமிடெட்' என்று போட்டிருக்கிறார்கள், கீழே பொடி எழுத்தில் 30 ஜிபிக்கு மேல் வேகம் 128 கேபிபிஎஸ் என்று இருக்கிறது.

முதல் எண் வேலைக்கு: லேப்டாப்புக்கு ஹாட்ஸ்பாட், மாதம் 25 ஜிபி வரை. இரண்டாவது வீட்டுப் பெரியவருக்கு: பட்டன் போன், பேச்சு மட்டும். மூன்றாவது வங்கி ஓடிபி வருவதற்காக மட்டும் உயிரோடு இருக்க வேண்டிய எண். வீட்டுக்குள் சிக்னல் சுமார்தான். கவரேஜ் வரைபடத்தில் மூன்று கம்பெனியும் எங்கள் பகுதி முழுக்கப் பச்சை அடித்து வைத்திருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு 'அ' எடுத்துவிடலாமா?

கோபுரத்தடி:

வேண்டாம். விலையைக் கடைசியில் பாருங்கள். முதலில் தெரிய வேண்டியது இரண்டு: யாருடைய டவர், அந்த டவரில் உங்களுக்கு எத்தனையாவது வரிசை.

சொந்த டவர் இல்லாத கம்பெனியை எம்விஎன்ஓ என்பார்கள். டவர்காரரிடம் மொத்தமாக வாங்கிச் சில்லறையில் விற்பவர்கள். அதனால் 'அ'வும் 'ஆ'வும் ஒரே டவரில் ஓடுவதாகக்கூட இருக்கலாம், பெயரை வைத்துச் சொல்ல முடியாது. இன்னொன்று, டவர்காரர் தன் சொந்த வாடிக்கையாளருக்கு உள்நாட்டு ரோமிங் (தன் டவர் இல்லாத இடத்தில் வேறு கம்பெனி டவரில் பிடிக்கும் வசதி) கொடுத்திருப்பார். அதே வசதியை எம்விஎன்ஓவுக்கு விற்றிருக்க வேண்டும் என்பதில்லை. ஊர் ஓரங்களில் "அவர் போனில் கிடைக்கிறது, என் போனில் இல்லை" என்பது பெரும்பாலும் இதனால்தான்.

வரிசை விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. 4ஜி தரநிலையில் ஒவ்வொரு வகைப் போக்குவரத்துக்கும் கியூசிஐ என்று ஓர் எண் உண்டு. வோல்டீ பேச்சுக்கு, அதாவது 4ஜி வழியாகவே போகும் அழைப்புக்கு, 1. சாதாரண டேட்டாவுக்கு 6 முதல் 9 வரை. இந்த நான்கில் எண் சிறிதானால் முன்னுரிமை அதிகம். மலிவு பிளானுக்குப் பல இடங்களில் 9 கொடுத்துவிடுவார்கள். டவர் காலியாக இருந்தால் 8க்கும் 9க்கும் வித்தியாசமே தெரியாது. மாலையில் கூட்டம் ஏறினால் 8க்குக் கொடுத்தது போக மிச்சம்தான் 9க்கு. 5ஜியில் பெயர் 5கியூஐ, சங்கதி அதேதான். இதைப் பிளான் விவரத்தில் "நெரிசல் நேரத்தில் வேகம் குறையலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பேச்சு தனி வரிசையில் போவதால் பெரியவரின் எண்ணுக்கு இது பொருட்டில்லை. ஹாட்ஸ்பாட் எண்ணுக்கு எல்லாமே இதுதான்.

வரைபடம் ஏட்டுச் சுரைக்காய். வீட்டுக்குள் அளந்து பாருங்கள். ஆண்ட்ராய்டில் 'போனைப் பற்றி' பகுதியில் சிம் நிலையைத் திறந்தால் சிக்னல் டிபிஎம் அளவில் தெரியும். பல மாடல்களில் *#*#4636#*#* அடித்தாலும் வரும். ஐபோனில் *3001#12345#* அடித்து அழைப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். அதில் ஆர்எஸ்ஆர்பி என்ற எண்ணை, அதாவது சிக்னல் பலத்தை, பாருங்கள்: -90க்கு மேலே இருந்தால் நன்று, -100 பரவாயில்லை, -110க்குக் கீழே போனால் சுவரோரம் நகரும்போதே தடுமாறும், -120 பக்கம் போனால் அழைப்பு அறுபடும். கூடவே எஸ்ஐஎன்ஆர் என்று இருக்கும், இரைச்சலோடு ஒப்பிட்டால் சிக்னல் எவ்வளவு என்பது. அது 10க்கு மேல் இருந்தால் நல்லது. பூஜ்யத்துக்குக் கீழே போனால் சிக்னல் கம்பிகள் நிறைந்திருந்தாலும் பயனில்லை, இரைச்சல்தான் அதிகம்.

ஒவ்வொரு கம்பெனியிலும் இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜ் போட்டு, அல்லது இலவச இ-சிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) சோதனை இருந்தால் அதை எடுத்து, இரண்டாவது சிம்மாகப் போடுங்கள். டேட்டாவை மட்டும் அதற்கு மாற்றுங்கள். ஒரே இடத்தில் அதிகாலை ஒரு முறை, இரவு எட்டு மணிக்கு ஒரு முறை வேகம் பாருங்கள். சிக்னல் எண் மாறாமல் வேகம் மட்டும் விழுந்தால் நெரிசல். அந்த நேரத்தில் டவர்காரரின் சொந்த சிம்மும் மெதுவாக இருந்தால் டவரே நிரம்பிவிட்டது. அது ஓடி, உங்களுடையது மட்டும் தவழ்ந்தால் நீங்கள் பின்வரிசை.

புள்ளிக்கணக்கு:

கோபுரத்தடி சொன்னதோடு கொஞ்சம் கணக்கும் போட்டுவிடுவோம்.

128 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 16 கிலோபைட். 1 எம்பி இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல். எழுத்துச் செய்தி போகும், வேறெதுவும் ஓடாமல் இருந்தால் இணையவழி குரல் அழைப்புகூடத் தாங்கும். ஆனால் இப்போதைய வலைப்பக்கம் ஒன்றே 2, 3 எம்பி இருக்கும், பாதியில் நேரம் முடிந்து நின்றுவிடும். லேப்டாப்பில் அதை இணையம் என்றே சொல்ல முடியாது. 512 கேபிபிஎஸ் கொடுக்கும் பிளான் கிடைத்தால் அது வேறு ரகம்: பாட்டு கேட்கலாம், மின்னஞ்சல் பார்க்கலாம்.

'இ'யின் 30 ஜிபியில் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி வரம்பு இருக்கிறதா என்று தேடுங்கள். 30 ஜிபி பிளானில் ஹாட்ஸ்பாட் 5 ஜிபி மட்டும் என்பதெல்லாம் சகஜம். வீடியோ கூட்டம் ஒன்று, தரத்தைப் பொறுத்து, மணிக்கு முக்கால் ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை தின்னும். லேப்டாப்பில் அந்த வைஃபையை 'மீட்டர் உள்ள இணைப்பு' என்று குறித்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு சிஸ்டம் அப்டேட்டே 3, 4 ஜிபியை முழுங்கிவிடும்.

28 நாள் பிளான் வருடத்துக்கு 13 ரீசார்ஜ். காட்டும் விலையை 13ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால்தான் உண்மையான மாத விலை. 8 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக வரும். மூன்றையும் 365 நாளுக்கு, வரி சேர்த்து, எழுதிப் பாருங்கள். 'அ' வருட பிளானில் நான்காம் மாதம் வெளியேறினால் அதன் மாத விலை மூன்று மடங்கு. முதல் வருட விலை அறிமுக விலையா, அடுத்த வருடமும் அதேதானா என்பதையும் பார்க்க வேண்டும்.

மூன்றாம்மாடி:

அளந்தேன். படுக்கையறையில் 'அ': -114, எஸ்ஐஎன்ஆர் -2. 'ஆ': -97, 11. 'இ': -101, 6. அப்படியானால் 'அ'வும் 'ஆ'வும் வேறு வேறு டவர்தான் போல. வீட்டில் பிராட்பேண்டு இருக்கிறது. வைஃபை காலிங் (டவருக்குப் பதில் வைஃபை வழியாக அழைப்பு) போட்டு 'அ'வைச் சமாளிக்க முடியாதா? விலை அவ்வளவு ஆசை காட்டுகிறது.

கோபுரத்தடி:

முடியும், மூன்று நிபந்தனையோடு. கம்பெனி வைஃபை காலிங் கொடுக்க வேண்டும், உங்கள் போன் மாடல் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும், உங்கள் ரவுட்டர் யூடிபி 500, 4500 போர்ட்களை (இந்த அழைப்பு போகும் இணைய வாசல்களை) தடுக்காமல் இருக்க வேண்டும். கடைசி ஒன்றில்தான் பலரும் மாட்டுவார்கள்: செட்டிங்கில் ஆன் என்று இருக்கும், அழைப்பு மட்டும் போகாது. விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்து ஓர் அழைப்பு போட்டுப் பாருங்கள். போனால் சரி.

பேசிக்கொண்டே வீட்டை விட்டு இறங்கும்போது அழைப்பு வைஃபையிலிருந்து டவருக்குத் தாவ வேண்டும். -114இல் தாவும் முன்பே அறுந்துவிடும். மின்சாரம் போனால் ரவுட்டரும் போகும். வேலை எண்ணுக்கு இதை நம்பாதீர்கள்.

சிம்ஊசி:

பெரியவரின் பட்டன் போனைப் பற்றி யாரும் பேசவில்லையே. மூன்றில் அதுதான் சிக்கலானது.

2ஜி, 3ஜியை நிறுத்திவிட்ட நெட்வொர்க்கில் வோல்டீ இல்லாத போனில் பேசவே முடியாது. 4ஜி போன் என்று அட்டையில் போட்டிருப்பது போதாது. டேட்டா 4ஜியில் ஓடும், பேச்சு மட்டும் 2ஜிக்கு இறங்கும் மாடல்கள் நிறைய. சோதிக்க எளிய வழி: அழைப்பு ஓடும்போது மேலே உள்ள குறியைப் பாருங்கள். 4ஜி அல்லது வோல்டீ என்றே நின்றால் சரி. 'E' (2ஜி), 'H' (3ஜி), 3ஜி என்று மாறினால் அந்த சிம்மில் அந்தப் போனுக்கு வோல்டீ இல்லை.

போனில் வோல்டீ இருந்தும் கம்பெனி அனுமதிக்காததும் நடக்கும். *#06# அடித்தால் 15 இலக்க ஐஎம்இஐ, அதாவது போனின் அடையாள எண், வரும். அதைக் கம்பெனி தளத்தில் கொடுத்துப் பொருந்துமா என்று பாருங்கள். ஒரே பெயரில் விற்கும் போன்கூட நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறுபடும், அதனால் மாடல் பெயரை நம்ப வேண்டாம், பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருக்கும் முழு மாடல் எண்ணைப் பாருங்கள். வீட்டுச் சுவரைத் துளைத்து வருவது 600 முதல் 900 மெகாஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அலைவரிசைகள். நெட்வொர்க்கில் அது இருந்து போனில் இல்லாவிட்டால் வாசலில் பேச்சு கேட்கும், உள்ளே கேட்காது.

வாங்கும் முன் எல்லாப் போனும் ஒரே கம்பெனி சிம்முக்கு என்று லாக் செய்யப்படாதவையா என்றும் பாருங்கள். ஐபோனில் பொது செட்டிங்கில் 'பற்றி' பகுதியிலேயே சிம் கட்டுப்பாடு உண்டா இல்லையா என்று எழுதியிருக்கும். மற்றவற்றில் வேறு கம்பெனி சிம்மைப் போட்டுப் பார்ப்பதுதான் உறுதி.

மூன்றாம்மாடி:

பட்டன் போன் பரிசோதனையில் 'ஆ' சிம்மோடு 4ஜியிலேயே நிற்கிறது. வேலை எண்ணும் அதுவும் 'ஆ'வுக்கே போகட்டும். ஓடிபி எண்ணை மட்டும் 'அ' வருட பிளானில் போடலாமா? எண் மாற்றும்போது எதில் கவனம் வேண்டும்?

புள்ளிக்கணக்கு:

ஓடிபி எண்ணுக்கு வருட பிளான் பொருத்தம்தான், ஆனால் டேட்டா இல்லாத, நீண்ட வேலிடிட்டி பிளான் இருந்தால் அது இன்னும் மலிவாக வரும். பார்க்க வேண்டியது ஒன்றே: வேலிடிட்டி முடிந்த அன்றே உள்வரும் எஸ்எம்எஸ் நிற்குமா, சில நாள் அவகாசம் உண்டா. அவகாசமும் தாண்டினால் எண் போய்விடும், பிறகு அதே எண் வேறொருவருக்கு விற்கப்படும், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும். காலண்டரில் பத்து நாள் முன்னதாகவே நினைவூட்டல் போடுங்கள். மலிவு கம்பெனி சிலவற்றில் குறுங்குறியீட்டு எண்களிலிருந்து (ஓடிபி அனுப்பப் பயன்படும் சில இலக்க எண்கள்) வரும் எஸ்எம்எஸ் சரியாக வராது. சோதனை சிம்மில் ஏதாவது செயலியில் பதிந்து ஓடிபி வருகிறதா என்று பார்த்த பிறகு மாற்றுங்கள்.

சிம்ஊசி:

போர்ட் செய்வதில், அதாவது அதே எண்ணோடு கம்பெனி மாறுவதில், கெடுவது பெரும்பாலும் அவசரத்தால்தான். பழைய இணைப்பை முதலில் ரத்து செய்யாதீர்கள், செய்தால் மாற்ற எண்ணே இருக்காது. குறைந்தது பத்து நாள் வேலிடிட்டி மிச்சம் இருக்கும்போது தொடங்குங்கள். பழைய கணக்கில் உள்ள பெயர், பிறந்த தேதி, முகவரி எழுத்துப் பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். முன்னெழுத்து ஒன்று கூடினாலும் நிராகரிப்பார்கள். சில கம்பெனிகளில் கணக்கு எண் என்பது போன் எண் அல்ல, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்ற விடாத போர்ட் பூட்டு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், மாறி முடிந்ததும் புதிய இடத்தில் திரும்பப் போடுங்கள்.

வார முதலில் காலை நேரத்தில் செய்யுங்கள். வார இறுதியில் இடையில் நின்றால் கேட்க ஆள் இருக்க மாட்டார். இடைநிலையில் புதிய சிம்மிலிருந்து பேச முடியும், உள்வரும் அழைப்பு இன்னும் பழையதற்கே போகும். இரண்டும் புதியதில் வரும்வரை பழைய சிம்மையும் போனிலேயே வையுங்கள். ஓடிபி எண்ணுக்கு இது ரொம்ப முக்கியம். சில இடங்களில் சிம் மாறிய பின் சிறிது நேரம் எஸ்எம்எஸ் வேண்டுமென்றே நிறுத்தப்படும், ஆகவே அன்று பணம் அனுப்பும் வேலை எதையும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மாறிய பின் பேச்சு வந்து டேட்டா வராவிட்டால் பெரும்பாலும் ஏபிஎன் (கம்பெனியின் இணையத்தோடு போனை இணைக்கும் செட்டிங்) தவறு. கம்பெனி தளத்தில் கொடுத்திருப்பதை அப்படியே அடியுங்கள். இணையம் ஓடி, படச் செய்தி மட்டும் போகாவிட்டால் ஏபிஎன் வகையில் 'எம்எம்எஸ்' விட்டுப்போயிருக்கும். ஐபோனில் பழைய கம்பெனியின் புரொஃபைல் (அவர்கள் செட்டிங் தொகுப்பு) கிடந்தால் அதை நீக்கிய பிறகுதான் புதியது பிடிக்கும்.

மூன்றாம்மாடி:

கடைசியாக ஒன்று. வேலை எண்ணை இ-சிம்மாக எடுத்தால் பாதகம் உண்டா?

கோபுரத்தடி:

இ-சிம்மைப் போனில் இறக்கப் பெரும்பாலும் வைஃபை வேண்டும். கியூஆர் குறியீடு பல கம்பெனிகளில் ஒரு முறைதான் வேலை செய்யும். போனை ரீசெட் செய்யும்போது 'இ-சிம்மையும் அழிக்கவா' என்று கேட்கும், அங்கே கை தவறினால் புதிய குறியீடு கேட்டு வாடிக்கையாளர் சேவையில் வரிசையில் நிற்க வேண்டும். சாட் மட்டுமே வைத்திருக்கும் மலிவு கம்பெனியில் அது எத்தனை மணி நேரம் என்பதைச் சேருவதற்கு முன்பே ஒரு கேள்வி அனுப்பித் தெரிந்துகொள்ளலாம். இரண்டு சிம்மையும் ஒரே போனில் வைத்தால், ஒன்றில் பேசும்போது மற்றதன் டேட்டா பல மாடல்களில் நின்றுவிடும். ஹாட்ஸ்பாட்டில் கூட்டம் ஓடிக்கொண்டிருக்கையில் ஓடிபி எண்ணுக்கு வந்த அழைப்பை எடுத்தால் லேப்டாப் அறுந்துவிடும். அந்த எண்ணைப் பெரியவர் போனின் இரண்டாவது இடத்தில் போட முடிகிறதா என்று பாருங்கள்.