நடனத்தை எழுதும் வேலைக்குப் பயிற்சி: வழி சொல்லுங்கள்

வணக்கம். பல ஆண்டுகளாக நடனம் ஆடுகிறேன். இனி நடனத்தை எழுதிவைக்கும் வேலைக்கே போக வேண்டும் என்று ஆசை. அசைவுக்கும் ஓர் எழுத்துமுறை உண்டு என்று தெரிந்த நாளிலிருந்து வேறெதிலும் மனம் நிற்கவில்லை.

நடனக் கலைஞர் ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட எழுத்துமுறையை நானாகவே படித்து வருகிறேன். கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் இடது உடல், வலப்பக்கம் வலது உடல். குறியின் வடிவம் திசையைச் சொல்லும், நீளம் நேரத்தைச் சொல்லும். உள்ளே சாய்கோடுகள் இருந்தால் உயர்நிலை, புள்ளி இருந்தால் நடுநிலை, முழுக் கறுப்பு என்றால் தாழ்நிலை. எளிய காலடிகளை ஓரளவு சரியாக எழுதிவிடுகிறேன். ஆனால் இடுப்புக்கு மேலே உடல் சாய்ந்தபடியே திரும்பும்போதும், இருவர் ஒருவரையொருவர் தாங்கும்போதும் தடுமாறுகிறேன். திருத்திச் சொல்ல ஆள் இல்லை, அதுதான் பெரிய குறை.

அப்புறம், நடனத்தை எழுதும் இன்னொரு முறையான பெனெஷ் முறை. ஐந்து கோடுகள், இடமிருந்து வலம். பாலே குழுக்களில் சேர நினைத்தால் முதலில் இதைத்தான் கற்க வேண்டுமா? அல்லது லாபனில் கை நன்றாகப் பழகிய பிறகு போகலாமா?

நியூயார்க்கில் 1940இல் தொடங்கிய டான்ஸ் நொட்டேஷன் பீரோ என்ற நடன எழுத்துமுறை அமைப்பு வழியாகப் படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? சான்றிதழ் வாங்கியதும் முதல் வேலை எப்படிக் கிடைத்தது? ஒத்திகையில் உட்கார்ந்து எழுதும் வேலையா, பழைய குறிப்பை வாசித்து நடனத்தை மறுபடி மேடையேற்றும் வேலையா?

நான் எழுதிய இரண்டு பக்கங்களை யாராவது பார்த்துப் பிழை சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.