1902 பிரிட்டிஷ் வர்த்தக வெள்ளி நாணயம் (டிரேட் டாலர்): தரச்சான்றுக்கு அனுப்பலாமா, அப்படியே விற்கலாமா?

வணக்கம். நாணயத்தில் பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கும் பெண் உருவம்) ஏந்திய திரிசூலத்தின் நடு முனையில் 'பி' குறி உள்ளது, அதாவது பம்பாய் நாணயச்சாலையில் அச்சானது. எடை 26.91 கிராம் (இருக்க வேண்டியது 26.95), விட்டம் 39 மி.மீ. தராசின் மேல் வைத்த நீர்க்கோப்பைக்குள் நூலில் கட்டித் தொங்கவிட்டபோது தராசு 2.61 கிராம் கூடுதலாகக் காட்டியது. அடர்த்தி 10.3, 90 சதவீத வெள்ளிக்குச் சரி. வார்த்தெடுத்த போலிகளில் காணும் வார்ப்புக்கோடு விளிம்பில் இல்லை. சீன வணிகர்கள் அடித்த முத்திரையும் இல்லை.

என் கவலை ஒன்றுதான். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் பிரிட்டானியாவின் வலப்பக்க வெற்றுப்பரப்பில் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடுகின்றன. யாரோ எப்போதோ துணியால் தேய்த்திருக்கலாம். நாணயத்தைச் சுழற்றினால் ஒளிப்பட்டை மற்ற இடங்களில் உடையாமல் சுற்றுகிறது, அந்த இடத்தில் மங்குகிறது.

நாணயத் தரச்சான்று நிறுவனங்களான என்ஜிசி, பிசிஜிஎஸ் இரண்டுமே இதைச் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று முடிவுசெய்தால் எண் தரம் தராது. 1902 பம்பாய் அரிய ஆண்டும் அல்ல. அப்போது கட்டணமும் காப்பீட்டு அஞ்சலும் கையைக் கடிக்கும். போலிகள் மலிந்த வகை என்பதால், உண்மையானது என்ற சான்றுக்காகவாவது வாங்குபவர் கூடுதலாகத் தருவாரா?

இதே வகையை 'டீட்டெய்ல்ஸ்' பெட்டியில் (எண் தரம் இல்லாமல், உண்மையானது என்று மட்டும் சான்றளித்து மூடிய பெட்டி) விற்றவர்கள், பெட்டியில்லாமல் விற்றதைவிட எவ்வளவு கூடுதலாகக் கிடைத்தது என்று சொல்லுங்கள். சாய்வு வெளிச்சப் படங்கள் கீழே உள்ளன. அந்தக் கோடுகள் தேய்ப்பா, நாணயப் பையில் மற்ற நாணயங்களோடு உரசியதா?